தண்ணீரில் வெடிமருந்து கலந்திருக்கிறதா? கம்ப்யூட்டர் காட்டும் எண்ணை எப்போது நம்பலாம்?

நெய்வேலிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சைரன் சத்தம் புதிதல்ல. சுரங்கத்தில் வெடி வைக்கப் போகிறார்கள் என்றால் முதலில் சைரன் ஒலிக்கும். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்கும். மந்தாரக்குப்பத்தில் இருக்கும் என் அத்தை அந்த நேரத்தில் சமையலறை அலமாரியை ஒரு பார்வை பார்த்துக் கொள்வார். டம்ளர்கள் இருந்த இடத்தில் இருந்தால் வேலையைத் தொடர்வார்.

ஒரு நாள் அவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? இவ்ளோ வெடி வைக்கிறாங்களே, அந்த மருந்தெல்லாம் மண்ணுக்குள்ள எறங்கி நம்ம போர் தண்ணியில கலந்துடாதா? உன் கம்ப்யூட்டரை வச்சுப் பார்த்துச் சொல்லேன்."

கேள்வி நியாயமானதுதான். கம்ப்யூட்டருக்குக் கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. கீபோர்டு, மவுஸ், மைக் என்று நாம் எதை இணைக்கிறோமோ அதன் வழியாக மட்டுமே வெளியுலகம் அதற்குத் தெரியும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஒரு பொருளை அதற்குத் தெரிய வைக்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு சென்சார் வேண்டும். அந்த சென்சார் எப்படி வேலை செய்கிறது, அதை நம்பி நான் எப்படி ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கடைசியில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்க ஒரு பயிற்சியும் இருக்கிறது.

எந்த வெடிமருந்தைத் தேடுகிறோம்?

வெடிமருந்து என்றதும் எல்லோரும் டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ். என்று சொல்வார்கள். இவை ராணுவக் குண்டுகளில் பயன்படுபவை. சுரங்கத்தின் கதை வேறு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கடலூர் மணற்கல் என்ற பாறை அடுக்கு இருக்கிறது. ராட்சத சக்கரத்தில் வாளிகள் பொருத்திய இயந்திரங்கள் மண்ணை வெட்டி எடுக்கின்றன. பாறை மிகவும் கெட்டியாக உள்ள இடத்தில் வாளியின் பல் தேய்ந்து போகும். எனவே முதலில் துளை போட்டு, வெடி வைத்து, பாறையைத் தளர்த்தி விடுகிறார்கள். உலகெங்கும் சுரங்கங்களில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் பயன்படுவது அம்மோனியம் நைட்ரேட்டை அடிப்படையாகக் கொண்ட கலவைகள். நம் நாட்டில் இந்த ரசாயனத்தை வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் கொண்டு செல்வதற்கும் 2012-ஆம் ஆண்டின் அம்மோனியம் நைட்ரேட் விதிகள் உள்ளன.

பட்டாசுத் தொழிலில் பெர்குளோரேட் என்ற இன்னொரு பொருளும் உண்டு. மருந்து வேகமாக எரியத் தேவையான ஆக்சிஜனை இதுவே தருகிறது. ராக்கெட்டின் திட எரிபொருளிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த அம்மோனியம் பெர்குளோரேட் இருக்கிறது.

ஆக, தண்ணீரில் தேட வேண்டியவை இடத்துக்கு இடம் மாறும்.

- பழைய குண்டுத் தொழிற்சாலை, ராணுவப் பயிற்சி மைதானம்: டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ்.
- பட்டாசு, ராக்கெட் எரிபொருள் தயாராகும் இடம்: பெர்குளோரேட்
- வெடி வைக்கும் சுரங்கம், கல் குவாரி: நைட்ரேட், அம்மோனியம்

அத்தை வீட்டுத் தண்ணீரில் டி.என்.டி.யைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. 'வெடிமருந்து இல்லை' என்று நிம்மதியாக அறிவித்து விடலாம். ஆனால் அது தவறான கேள்விக்குக் கிடைத்த சரியான பதிலாகத்தான் இருக்கும்.

இது வெறும் பயமா?

இல்லை. அமெரிக்காவில் குண்டுத் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறிய டி.என்.டி. கலந்த கழிவு நீர் வெயில் பட்டதும் இளஞ்சிவப்பாக மாறியதால், அதற்கு 'பிங்க் வாட்டர்' என்றே பெயர் வந்தது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாழ்நாள் முழுவதும் குடிக்கும் நீரில் டி.என்.டி. லிட்டருக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று ஆலோசனை கூறியிருக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

நம் தமிழ்நாட்டிலேயே பட்டாசுத் தயாரிப்புப் பகுதியின் நிலத்தடி நீரை ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து சோதித்து, முடிவுகளை 2013-இல் வெளியிட்டார்கள். மற்ற இடங்களைவிடப் பட்டாசு ஆலைகள் உள்ள பகுதியில் பெர்குளோரேட் மிக அதிகமாக இருந்தது. அதிகபட்ச அளவு லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம். குடிநீரில் இது 70 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக் கொள்வதை பெர்குளோரேட் தடுக்கிறது. அதனால்தான் இவ்வளவு கவனம்.

நைட்ரேட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 45 மில்லிகிராம். இதற்கு மேல் போனால் பெரியவர்களைவிடக் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் திறன் குறைந்து, குழந்தையின் உடல் நீலம் பாய்ந்து விடலாம்.

உங்கள் வீட்டிலேயே இருக்கும் சென்சார்

'எலக்ட்ரோகெமிக்கல் சென்சார்' என்றதும் பயந்து விடாதீர்கள். தமிழில் மின்வேதி உணரி. வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் நீங்கள் இதை தினமும் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறீர்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டரில் ஒரு சின்னப் பட்டையைச் சொருகி, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வைக்கிறோம் அல்லவா? அந்தப் பட்டையில் மெல்லிய மின்முனைகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. ரத்தத்தில் உள்ள சர்க்கரை அங்குள்ள நொதியுடன் வினைபுரிகிறது. அப்போது விடுபடும் எலக்ட்ரான்கள் மின்னோட்டமாகின்றன. சர்க்கரை அதிகமென்றால் மின்னோட்டமும் அதிகம். மீட்டரில் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் அந்த மின்னோட்டத்தைச் சர்க்கரை அளவாக மாற்றித் திரையில் காட்டுகிறது.

மின்வேதி சென்சார் என்றால் இவ்வளவுதான். ஒரு ரசாயனத்தை மின்சாரமாக மாற்று, அந்த மின்சாரத்தை அள. இந்தத் துறைக்கென்றே நம் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், அவர் கொடுத்த நன்கொடையுடன், 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது.

ரேடியோ திருப்புவது போல

முதலில் டி.என்.டி.யை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்போம். பழைய ரேடியோவில் குமிழைத் திருப்பி நிலையம் பிடித்த அனுபவம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கும். முள் நகர்ந்து கொண்டே போகும். ஓர் இடத்தில் சென்னை, இன்னோர் இடத்தில் திருச்சி, நடுவில் வெறும் இரைச்சல்.

இங்கும் அதே முறைதான். தண்ணீரில் மூன்று மின்முனைகளை வைக்கிறார்கள். ஒன்று வேலை செய்யும் முனை. வினை நடப்பது இதில்தான். இரண்டாவது ஒப்பீட்டு முனை. வோல்டேஜை எதை வைத்து அளப்பது என்பதற்கு இது அடையாளக் கல். மூன்றாவது மின்சுற்றை முழுமையாக்கும் முனை. 'பொட்டென்ஷியோஸ்டாட்' என்ற கருவி, வேலை செய்யும் முனையின் வோல்டேஜைச் சிறிது சிறிதாக நகர்த்திக் கொண்டே போகிறது. ஒவ்வொரு வோல்டேஜிலும் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்பதைக் குறித்துக் கொள்கிறது.

டி.என்.டி. மூலக்கூறில் மூன்று நைட்ரோ தொகுதிகள் இருக்கின்றன. இவை எலக்ட்ரான்களை ஆவலோடு வாங்கிக் கொள்பவை. ஒவ்வொரு தொகுதியும் முழுமையாக மாற 6 எலக்ட்ரான்கள் தேவை. மூன்றுக்கும் சேர்த்து 18. ஒரே மூலக்கூறு இத்தனை எலக்ட்ரான்களை வாங்குவதால், மிகக் குறைந்த அளவு டி.என்.டி.கூட அளக்கக் கூடிய மின்னோட்டத்தைத் தருகிறது. மூன்று தொகுதிகளும் வெவ்வேறு வோல்டேஜில் மாறுவதால் கிராஃபில் மூன்று மேடுகள் தெரியும்.

மேடு எந்த இடத்தில் வருகிறது என்பது 'என்ன பொருள்' என்று சொல்லும். மேட்டின் உயரம் 'எவ்வளவு' என்று சொல்லும். மின்வேதி ஆய்வின் சாரம் இந்த இரண்டு வரிதான்.

இந்த முறை இன்று நேற்று வந்ததல்ல. 1922-இல் பிராக் நகரில் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி சொட்டும் பாதரசத்தை மின்முனையாக வைத்து இதைத் தொடங்கினார். 1924-இல் ஜப்பானியரான மசுசோ ஷிகாட்டாவுடன் சேர்ந்து, கிராஃபைத் தானாகவே வரைந்து தரும் கருவியைச் செய்தார். கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே கிராஃப் வரைந்த கருவி! 1959-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பிற்காலத்தில் அமெரிக்காவில் ஜோசப் வாங் என்பவரின் குழு, சென்சாரைக் கேபிளின் முனையில் கட்டி நீர்நிலையில் இறக்கி டி.என்.டி.யை அளக்கும் முறையை உருவாக்கியது. 2011-இல் அதே குழு, கடலில் நீந்துபவர்கள் அணியும் ரப்பர் உடையின் மேலேயே சென்சாரை அச்சிட்டுக் காட்டியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் கரைந்துள்ள சாதாரண ஆக்சிஜனும் ஏறக்குறைய அதே வோல்டேஜ் பகுதியில் எலக்ட்ரான்களை வாங்கும். ரேடியோவில் இரண்டு நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்பது போல. எனவே நைட்ரஜன் வாயுவைக் குமிழியாக விட்டு ஆக்சிஜனை வெளியேற்றுவார்கள். அல்லது டி.என்.டி. இல்லாத தண்ணீரின் கிராஃபைத் தனியாக எடுத்து, அதைக் கம்ப்யூட்டரில் கழித்து விடுவார்கள்.

எலக்ட்ரான் வாங்காத பொருளை என்ன செய்வது?

பெர்குளோரேட் பிடிவாதக்காரன். தண்ணீரில் கரைந்த நிலையில் அது எளிதில் எலக்ட்ரானை வாங்காது. அதற்கு வேறு வழி: அயனியைத் தேர்ந்தெடுக்கும் மின்முனை. நைட்ரேட்டுக்கும் இதே வகை மின்முனை கிடைக்கிறது. அத்தை வீட்டுத் தண்ணீருக்கு நான் பயன்படுத்தியதும் இதைத்தான்.

இதன் நுனியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு இருக்கும். குறிப்பிட்ட அயனியை மட்டும் விரும்பி ஏற்கும் பொருள் அந்தச் சவ்வில் கலக்கப்பட்டிருக்கும். தண்ணீரில் அந்த அயனி எவ்வளவு இருக்கிறதோ, அதற்கேற்ப சவ்வில் ஒரு வோல்டேஜ் உண்டாகும். இங்கே மின்னோட்டத்தை அளப்பதில்லை, வோல்டேஜை மட்டும் அளக்கிறோம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அயனியின் அளவு 10 மடங்கு கூடினால் வோல்டேஜ் 10 மடங்கு கூடாது. நைட்ரேட், பெர்குளோரேட் போன்ற ஒற்றை எதிர்மின் அயனிகளுக்கு 25 டிகிரி வெப்பநிலையில் சுமார் 59 மில்லிவோல்ட் குறையும், அவ்வளவுதான். 10 மில்லிகிராமிலிருந்து 100-க்குப் போனாலும் 59. 100-லிருந்து 1000-க்குப் போனாலும் அதே 59. இந்தக் கணக்குதான் பின்னால் என்னைப் பழி வாங்கியது.

சவ்வு 'விரும்பி ஏற்கும்' என்றேன். ஆனால் அது கற்புக்கரசி அல்ல. நைட்ரேட் மின்முனைக்கு நைட்ரேட்டைவிட பெர்குளோரேட்டை அதிகம் பிடிக்கும்! உப்புத் தண்ணீரில் நிறைய இருக்கும் குளோரைடும் அதைக் கொஞ்சம் ஏமாற்றும்.

கம்ப்யூட்டருக்குள் எப்படி வருகிறது?

சென்சார் தருவது வோல்டேஜ். கம்ப்யூட்டருக்குப் புரிவது 0, 1 என்ற இரண்டு இலக்கம். இடையில் மொழிபெயர்ப்பாளராக இருப்பது ஏ.டி.சி. எனப்படும் சிப். அனலாக் சிக்னலை டிஜிட்டல் எண்ணாக மாற்றுவது இதன் வேலை. உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு ஏ.டி.சி. இருக்கிறது தெரியுமா? மைக்கில் நீங்கள் பேசுவது ஃபைலாக மாறுகிறதே, அதைச் செய்வது சவுண்டு கார்டில் உள்ள ஏ.டி.சி.தான்.

பொழுதுபோக்குக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் ஆர்டுயினோ போர்டை யு.எஸ்.பி.யில் இணைத்து அளப்பார்கள். பழைய ஆர்டுயினோ யூனோவின் ஏ.டி.சி. 10 பிட். அதாவது 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி சுமார் 5 மில்லிவோல்ட். போதாதா என்கிறீர்களா? மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். நைட்ரேட் மின்முனையில் 5 மில்லிவோல்ட் என்பது அளவில் சுமார் 22 சதவீத வித்தியாசம். 16 பிட் ஏ.டி.சி. என்றால் அதே 5 வோல்ட் 65,536 படிகளாகும். ஒரு படி 0.08 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. விலையும் அதிகமில்லை. சென்சார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த மொழிபெயர்ப்பாளர் சரியில்லையென்றால் பயனில்லை.

டி.என்.டி. சோதனைக்குத் தேவையான பொட்டென்ஷியோஸ்டாட் ஒரு காலத்தில் பெரிய ஆய்வகங்களில் மட்டும் இருந்தது. 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'சீப்ஸ்டாட்' என்ற கருவியின் வரைபடத்தையும் மென்பொருளையும் எல்லோரும் எடுத்துக் கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். அதைச் செய்ய 80 டாலருக்குள்தான் ஆனது. அதன் பிறகு இது போன்ற பல கருவிகள் வந்து விட்டன.

46.4 என்று திரை சொன்னது

இனி என் கதைக்கு வருகிறேன். கல்லூரி நண்பன் ஒருவனிடம் நைட்ரேட் மின்முனையும் அதற்கான யு.எஸ்.பி. பெட்டியும் இருந்தன. அதோடு அவன் எழுதிய மென்பொருளையும் வாங்கி என் லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்தேன். அத்தை வீட்டுக்குப் போய் போரிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, மின்முனையை இறக்கினேன். திரையில் எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நின்றன: 46.4 மில்லிகிராம்.

வரம்பு 45. தாண்டி விட்டது!

அப்போது அத்தை வீட்டில் பிரசவத்துக்கு வந்திருந்த மகளும் நான்கு மாதக் குழந்தையும் இருந்தார்கள். குழந்தைக்குப் பால் பவுடர் கரைப்பது இந்தத் தண்ணீரில்தான். "கொதிக்க வச்சா போயிடும்ல?" என்று அத்தை கேட்டார். போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கி, அடர்த்தி இன்னும் கூடும். நான் இதைச் சொன்னதும் அத்தை வேறு பேச்சுப் பேசவில்லை. அன்று முதல் தெருமுனைக் குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமக்கத் தொடங்கினார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. பதினோரு நாள் சுமந்தார்.

அதே தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகம் ஒன்றுக்கும் அனுப்பியிருந்தேன். பதினோராம் நாள் முடிவு வந்தது: 21 மில்லிகிராம். வரம்பில் பாதிகூட இல்லை.

ஆய்வகம்தான் தவறு செய்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். என் திரையில் 46.4 என்று புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கத்தோடு வந்திருக்கிறதே! அப்புறம்தான் நண்பனின் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். வோல்டேஜை மில்லிகிராமாக மாற்ற அது பயன்படுத்திய கணக்கு, பல மாதங்களுக்கு முன் வேறொரு சவ்வு இருந்தபோது அவன் சேமித்து வைத்தது. சவ்வு மாறி விட்டது, கணக்கு மாறவில்லை. நான் ஒரு முறைகூட காலிபரேஷன் செய்யவில்லை. தவறு மின்முனையுடையது அல்ல, நண்பனுடையதும் அல்ல. என்னுடையது.

நீங்களே எக்செல்லில் செய்து பாருங்கள்

காலிபரேஷன் என்றால் என்ன? அளவு தெரிந்த கரைசல்களைக் கருவிக்குக் காட்டி, 'இது இவ்வளவு' என்று கற்றுக் கொடுப்பது. தராசில் படிக்கல் வைத்துச் சரி பார்ப்பது போலத்தான். அன்று மாலை நான் செய்ததை நீங்கள் இப்போதே உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கலாம். எக்செல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

1. கடையில் கிடைக்கும் நைட்ரேட் ஸ்டாண்டர்டு கரைசல்களில் மின்முனையை இறக்கியபோது எனக்குக் கிடைத்தவை: 10 மில்லிகிராமுக்கு 212 மில்லிவோல்ட், 100-க்கு 155, 1000-க்கு 98.

2. புதிய ஒர்க்ஷீட்டில் முதல் காலத்தில் 1, 2, 3 என்று ஒன்றின் கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள். இவை 10, 100, 1000 ஆகியவற்றின் மடக்கை, அதாவது 1-க்குப் பின்னால் எத்தனை பூஜ்யம் என்ற எண்ணிக்கை.

3. பக்கத்துக் காலத்தில் 212, 155, 98 என்று டைப் செய்யுங்கள்.

4. இரண்டு காலங்களையும் மவுஸால் செலக்ட் செய்து, இன்செர்ட் மெனுவில் ஸ்கேட்டர் சார்ட்டைத் தேர்ந்தெடுங்கள். மூன்று புள்ளிகள் தெரியும்.

5. ஒரு புள்ளியின் மேல் ரைட் கிளிக் செய்து ஆட் டிரெண்ட்லைன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். லீனியர் என்பதைத் தேர்ந்தெடுத்து, சமன்பாட்டைக் காட்டும் பெட்டியில் டிக் செய்யுங்கள்.

புள்ளிகளின் வழியே ஒரு நேர்கோடு விழும். பக்கத்தில் தெரியும் சமன்பாட்டின் பொருள் இதுதான்: மில்லிவோல்ட் = 269 கழித்தல் (57 பெருக்கல் மடக்கை). சாய்வு 57. கோட்பாடு சொல்லும் 59-க்கு அருகில் இருப்பதால் சவ்வு நல்ல நிலையில் இருக்கிறது. இது 40-க்குப் போயிருந்தால் சவ்வைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இப்போது அத்தை வீட்டுத் தண்ணீர். மின்முனை காட்டியது 192 மில்லிவோல்ட். 269-லிருந்து 192-ஐக் கழித்தால் 77. அதை 57-ஆல் வகுத்தால் 1.351. விண்டோஸ் கால்குலேட்டரை சயின்டிஃபிக் வடிவத்துக்கு மாற்றி, 10-இன் அடுக்கு 1.351 என்று கணக்கிடுங்கள். விடை 22.4. ஆய்வகம் சொன்ன 21-க்கு எவ்வளவு அருகில் பாருங்கள்!

நண்பனின் பழைய கணக்கில் 269 என்ற இடத்தில் 287 இருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 46.4 வருகிறதா? வித்தியாசம் வெறும் 18 மில்லிவோல்ட். ஒரு சாதாரண டார்ச் பேட்டரியின் வோல்டேஜில் எண்பதில் ஒரு பங்குதான். அது தண்ணீரின் நைட்ரேட்டை இரண்டு மடங்காக்கிக் காட்டி, ஒரு வயதான பெண்ணைப் பதினோரு நாள் குடம் சுமக்க வைத்து விட்டது.

எண் சரி, பொருள் சரியா?

இன்னொரு கேள்வி பாக்கியிருக்கிறது. 22.4 மில்லிகிராம் நைட்ரேட் வெடியிலிருந்து வந்ததா? மின்முனையைக் கேட்டால் பதில் வராது. யூரியா போட்ட வயலிலிருந்து வந்த நைட்ரேட்டும், கழிவுநீர்த் தொட்டியிலிருந்து கசிந்த நைட்ரேட்டும், வெடி மீதத்திலிருந்து வந்த நைட்ரேட்டும் அதற்கு ஒன்றுதான். அத்தை வீட்டுக்குப் பின்னால் நெல் வயல் இருக்கிறது. பத்தடி தள்ளி கழிவுநீர்த் தொட்டியும் இருக்கிறது.

மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒரே கிணறு போதாது. வெவ்வேறு தூரத்தில் உள்ள கிணறுகள், மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகள், கூடவே அம்மோனியம், குளோரைடு அளவுகள் எல்லாம் வேண்டும். ஆய்வகங்களில் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களின் ஐசோடோப் விகிதத்தை அளந்தும் மூலத்தை ஊகிக்கிறார்கள். அது நம் வீட்டு வேலையல்ல.

எந்த சென்சாரைக் கம்ப்யூட்டரில் இணைத்தாலும் கீழ்க்கண்டவற்றை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இவை நைட்ரேட்டுக்கு மட்டுமல்ல, வெப்பநிலை மானிக்கும் காற்று மாசு அளக்கும் பெட்டிக்கும் பொருந்தும்.

- எந்தப் பொருளைத் தேடுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற சென்சாரைத் தேர்ந்தெடுங்கள்.
- அளவு தெரிந்த கரைசலில் ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகே அளவு தெரியாத தண்ணீரில் இறக்குங்கள்.
- அந்தப் பொருளே இல்லாத சுத்தமான தண்ணீரையும் அளந்து பாருங்கள். அதிலும் பெரிய எண் வந்தால் கோளாறு கருவியில்தான்.
- ஒரே மாதிரியைக் குறைந்தது மூன்று முறை அளங்கள். மூன்றும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள்.
- கருவி தந்த மில்லிவோல்ட்டையும் ஃபைலில் சேமித்து வையுங்கள். என்னிடம் அந்த 192 இருந்ததால்தான் தவறைக் கண்டுபிடிக்க முடிந்தது. வெறும் 46.4-ஐ மட்டும் குறித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.
- குடிநீர் விஷயத்தில் முடிவெடுக்கும் முன் ஆய்வகத்தில் சோதித்துக் கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சந்தேகப்படும்படியான பொருளோ, வெடிக்காத வெடியோ கண்ணில் பட்டால் அதைச் சோதிக்கிறேன் என்று கையில் எடுக்காதீர்கள். விலகி நின்று போலீசுக்குத் தகவல் கொடுங்கள். நாம் பேசிக் கொண்டிருப்பது தண்ணீரில் கரைந்த மிச்சத்தைப் பற்றி மட்டுமே.

முடிவு வந்த அன்று அத்தையிடம் போய், "தண்ணி நல்லாத்தான் இருக்கு அத்தை. தாராளமா குடிக்கலாம்" என்றேன்.

"அப்போ அன்னிக்குச் சொன்னது?"

"அது என் தப்பு அத்தை. சரி பார்க்காம சொல்லிட்டேன்."

"இன்னிக்குச் சொல்றது மட்டும் சரின்னு எப்படித் தெரியும்?"

நான் லேப்டாப்பைத் திறந்து அந்த மூன்று புள்ளிகளையும், நடுவில் போகும் கோட்டையும், அதில் அவர் வீட்டுத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதையும் காட்டினேன். ஆய்வகம் கொடுத்த தாளையும் பக்கத்தில் வைத்தேன். அத்தைக்குக் கிராஃப் புரிந்ததா என்று தெரியாது. ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்வது புரிந்தது. குடத்தைக் கவிழ்த்து வைத்து விட்டு போர் மோட்டாரைப் போட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை ஸ்டாண்டர்டு கரைசல் பாட்டில்கள்தான் முதலில் பைக்குள் போகும்.